தூண்டிற் கயிறும் முடிச்சும்

தூண்டிற் கயிறு பெரும்பாலும் முடிச்சிலேயே அறும். ஆதலின் நம்பத்தகும் முடிச்சை நாடிய முயற்சி மிகப் பழைமையானது. அதன் வரலாறு கயிற்றின் வரலாற்றோடு பிணைந்தது என்பது எம் கருத்து.

1496-இல் இங்கிலாந்தின் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சேறிய தூண்டில் நூலொன்று, சூலியானா பெர்னர்சு என்னும் அம்மையார் பெயரால் வழங்குகின்றது. அந்நூல் குதிரைவால் மயிரால் கயிறு திரிக்கச் சொல்கின்றது. மிகச் சிறு மீனுக்கு ஒரு மயிரும் சால்மன் மீனுக்கு 15 மயிரும் வரையறுக்கின்றது. மயிர் நீளம் குறைந்ததாகலின் பல துண்டுகளை இணைத்தல் வேண்டும். அதற்கு 'நீர்முடிச்சு' என்பதனை அந்நூல் கூறுகின்றது.

பின்னர்ப் பட்டுப்புழுவின் பட்டுச் சுரப்பியினின்று இழுத்த நரம்பு வழக்கிற்கு வந்தது. உலர்ந்த நரம்பு முடியுங்கால் ஒடியும். எனவே நீரில் ஊறவைத்து முடிந்தனர். 1938-இல் அறிவிக்கப்பெற்ற நைலான், அதன் இடத்தைப் பையப்பையக் கவர்ந்தது. நைலான் வழவழப்புடையது, பழைய முடிச்சுகள் சில அதில் நழுவின. ஆகவே சுற்றுகள் பல கொண்ட முடிச்சுகளே ஏற்றம் பெற்றன. இன்றும் இறுக்குமுன் முடிச்சை நனைக்கின்றனர். ஆயின் இது இழையை மென்மையாக்கவன்று. உராய்வின் வெம்மையால் இழை நலியாமைப் பொருட்டேயாம்.

செயல் ஒன்றாயினும் காரணம் வேறாதலை இங்குக் காண்கின்றோம். பழைய நூல் கூறும் முடிச்சை மதிப்பிடுமுன், அந்நூலோர் கையாண்ட கயிறு யாதெனத் தெளிதல் ஆராய்வார் கடனாகும்.