ஓர் உடம்பின் வித்தை, நான்கு உடம்பின் வித்தை

அமெரிக்காவின் பல ஆல்-ஸ்டார் சியர் ஜிம்களில், பிள்ளையைச் சேர்க்கும் நாளன்று பெற்றோர் கையெழுத்துப் போடும் தாள்களுக்கு நடுவே ஒரு விதி இருக்கும்: பயிற்சியாளரைக் கேட்காமல் வேறிடத்தில் பயிற்சிக்குப் போகக் கூடாது. கோடை வந்ததும் அதே ஜிம் இன்னொரு தாளை ஒட்டும்: சனிக்கிழமை மூன்று மணி நேர கிளினிக், எந்த ஜிம் பிள்ளையும் வரலாம். தன் பிள்ளை வெளியே போகக் கூடாது, பிறர் பிள்ளை உள்ளே வரலாம் என்னும் இந்த ஏற்பாட்டில் பயிற்சி பற்றிய யோசனை எவ்வளவு, வியாபார பயம் எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. போட்டிக்கு ஆடும் பிள்ளை வெளியே கற்கலாமா என்ற கேள்விக்கு நான் வந்து சேர்ந்த விடை இது: தன் ஓர் உடம்பால் செய்வதை எங்கும் கற்கலாம், நான்கு உடம்பு சேர்ந்து செய்வதைச் சொந்த ஜிம்மில்தான் கற்க வேண்டும்.

கிளினிக் என்றதும் நமக்கு டாக்டர் நினைவு வரும். இங்கே அது ஒரு நாளோ ஒரு வார இறுதியோ நடக்கும் சிறு முகாம். அதேபோல் சியர்லீடர் என்றால் ஐ.பி.எல். எல்லைக்கோட்டருகே ஆடியவர்கள்தான் நம் மனத்தில் இருப்பார்கள். நான் சொல்வது தனி ஜிம்கள் குழு அமைத்து ஆடும் ஆல்-ஸ்டார் என்ற போட்டி விளையாட்டு. அடியில் ஸ்பிரிங் வைத்து மேலே ஒன்பது பட்டைகளாக மேட் விரித்த 54 அடிக்கு 42 அடி தளம், இரண்டரை நிமிடம், அதற்குள் ஆளைத் தூக்கி நிறுத்துவது, வீசிப் பிடிப்பது, கோபுரம் கட்டுவது, பல்டி, தாவல், நடனம் எல்லாம் முடிந்தாக வேண்டும். ஏப்ரல் கடைசியில் ஆர்லாண்டோவில் நடக்கும் உலகப் போட்டிக்கு ஓராண்டு உழைப்பு இந்த இரண்டரை நிமிடத்துக்குள் போகிறது.

வெளிமுகாம், சொந்த ஜிம் இரண்டில் எது மூத்தது என்று பார்த்தால், வெளிமுகாம்தான். 1898 நவம்பரில் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஜானி கேம்ப்பெல் என்ற மாணவர் கால்பந்து ஆட்டத்தில் கூட்டத்தின் முன்னால் வந்து நின்று கோஷத்தை நடத்தினார். சியரின் பிறந்த நாளாக அதைத்தான் சொல்கிறார்கள். அரை நூற்றாண்டு கழித்து, 1948இல், லாரன்ஸ் ஹெர்க்கிமர் டெக்சஸின் ஹன்ட்ஸ்வில் ஊரில் ஐம்பது சொச்சம் பேரைக் கூட்டி முதல் முகாம் நடத்தினார். அவரவர் பள்ளியில் சொல்லிக்கொடுக்க ஆளில்லாத காலம் அது. பிள்ளைகள் வெளியூர் போய்க் கற்று, ஊர் திரும்பித் தோழிகளுக்குக் கற்றுத் தந்தார்கள். ஹெர்க்கிமரிடம் வேலை பார்த்த ஜெஃப் வெப் 1974இல் பிரிந்து தனி நிறுவனம் தொடங்கியதும் இந்த முகாம்களை நம்பித்தான். ஆண்டு முழுதும் இதற்கென்றே இயங்கும் ஜிம் பிறகு வந்தது. டல்லஸ் பக்கத்தில் இன்று பெரும்பெயர் பெற்ற சியர் அத்லெட்டிக்ஸ் தொடங்கியது 1994இல். ஆல்-ஸ்டார் கூட்டமைப்பு 2003இல் அமைந்தது, முதல் உலகப் போட்டி 2004இல் நடந்தது. ஆகவே வெளியே போவதைத் துரோகம் போலப் பேசுவது இந்த விளையாட்டின் சொந்த வரலாற்றோடு ஒட்டவில்லை.

ஆனால் 1948இன் பிள்ளைகள் தாவலும் கோஷமும் கற்றுப் போனார்கள். இன்றைய பிள்ளை தலைக்கு மேல் போகிறாள்.

லிபர்ட்டி என்ற ஸ்டண்டைப் பாருங்கள். மேலே ஒற்றைக் காலில் நிற்பவள் ஃப்ளையர். அவள் பாதத்தைக் கையில் தாங்குவோர் இரண்டு பேஸ். பின்னால் நின்று கணுக்காலைப் பிடித்து மேலே இழுப்பவள் பேக்ஸ்பாட். எட்டு வரை எண்ணும் எண்ணிக்கைக்குள் எந்த எண்ணில் மூவரும் குனிவது, எந்த எண்ணில் எழும்புவது, குதிகாலை எந்தக் கை வாங்குவது, ஃப்ளையர் எப்போது முழங்காலைப் பூட்டுவது என்று ஜிம்முக்கு ஜிம் ஒரு முறை உண்டு. இரண்டு ஜிம்மின் முறையும் சரியாகவே இருக்கலாம். ஒரே குழுவுக்குள் இரண்டும் சேர்ந்தால்தான் ஆபத்து. ஃப்ளையர் மட்டும் வெளிமுகாமுக்குப் போய், எழும்பும்போதே முழங்காலைப் பூட்டப் பழகி வருகிறாள் என்று வைத்துக்கொள்வோம். கீழே இருக்கும் மூவரும் அவள் உச்சிக்குப் போனபின் பூட்டுவாள் என்று காத்திருக்கிறார்கள். பாரம் அரை எண்ணிக்கை முன்னதாக வந்து இறங்குகிறது. அவள் சரிகிறாள், அவளைப் பிடிக்கப் போன பேக்ஸ்பாட்டின் மூக்கில் முழங்கை விழுகிறது. ஒரே கீர்த்தனையை இரண்டு பாடாந்தரத்தில் கற்றவர்கள் சேர்ந்து பாடினால் சங்கதி முட்டிக்கொள்ளும், அடுத்த வரியில் சேர்ந்துவிடலாம். இங்கே அடுத்த வரி இல்லை.

இது மிகையான அச்சமும் இல்லை. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2012இல் வெளியிட்ட அறிக்கை, உயர்நிலைப் பள்ளிப் பெண்களுக்கு விளையாட்டில் நேர்ந்த மிகக் கொடிய காயங்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு சியரில் நேர்ந்தவை என்று காட்டியது. சியரை விளையாட்டாக அங்கீகரிக்க வேண்டும், தகுதி பெற்ற பயிற்சியாளர் வேண்டும், கடினத் தரையில் கோபுரம் கட்டக் கூடாது என்றெல்லாம் அது கேட்டுக்கொண்டது. அந்த அறிக்கையை மனத்தில் வைத்தபின், முன்பின் தெரியாத மூன்று பேர் கையில் ஒரு பிள்ளையை ஏற்றி மூன்று மணி நேரத்தில் புது ஸ்டண்ட் பழக்கும் முகாமுக்கு என்னால் சம்மதம் சொல்ல முடியவில்லை. நான்கு பேரும் ஒரே ஜிம்மிலிருந்து சேர்ந்து போனால் பேச்சு வேறு.

நவாரோ கல்லூரிக் கதை இதற்கு நல்ல சாட்சி. டெக்சஸின் கோர்சிகானா என்ற சிற்றூர்க் கல்லூரி அது; 2020 ஜனவரியில் நெட்ஃப்ளிக்ஸில் வந்த ‘சியர்’ தொடரால் உலகம் அறிந்தது. நாட்டின் பல மூலைகளில் பல ஜிம்களில் வளர்ந்தவர்கள் அங்கே வந்து சேர்கிறார்கள். எல்லோரும் தேர்ந்தவர்கள். இருந்தும் அந்தத் தொடர் வந்த காலத்தில் பயிற்சியாளராக இருந்த மோனிகா அல்டாமா அவர்களை ஒரே உடம்பாக்க இலையுதிர் காலத்திலிருந்து ஏப்ரலில் டேட்டோனா கடற்கரைப் போட்டி வரைக்கும் ஒரே கோபுரத்தைத் திரும்பத் திரும்பக் கட்ட வைத்தார். அவ்வளவு கற்றவர்களுக்கே பல மாதம் தேவைப்படும் வேலை, ஒரு சனிக்கிழமையில் நடந்துவிடாது.

பல்டிக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. ரவுண்ட்-ஆஃப், பேக் ஹேண்ட்ஸ்ப்ரிங், பேக் டக் என்று தொடர்ந்து பின்னோக்கிச் சுழன்று போகும் டம்ப்ளிங் முழுக்க ஓர் உடம்பின் காரியம். இங்கே வெளியாள் கண் பெரும் உதவி. ஒரு பிள்ளையின் பேக் டக் ஆறு மாதமாக முழுதாகச் சுழலாமல், நெஞ்சு தாழ்ந்தே இறங்குகிறது. சொந்த ஜிம் பயிற்சியாளர் ஒவ்வொரு முறையும், “இன்னும் உயரமாகப் போ” என்கிறார். அவர் சொல்வது தவறில்லை. ஆனால் அவர் கண் முன்னால் இருபத்தைந்து பிள்ளைகள், பாட்டு ஓடுகிறது, வரிசை மாறும் இடத்தைச் சரிசெய்ய வேண்டும். முகாமில் ஜிம்னாஸ்டிக்ஸிலிருந்து வந்த ஒருவர் அதே பிள்ளையை ஓட விட்டுப் பார்க்கிறார். கோளாறு டக்கில் இல்லை, தரையை விட்டு எழும் கணத்தில் தலையைப் பின்னால் எறிகிறாள், அதனால் உயரமெல்லாம் பின்பக்கம் ஓடிவிடுகிறது என்று கண்டுபிடிக்கிறார். “எதிர்ச் சுவரையே பார், கை காதோரம் போகட்டும், அப்புறம் முழங்காலை இழு.” அவ்வளவுதான். சில சமயம் அதுகூட வேண்டாம். அம்மா ஆயிரம் முறை சொன்னதை அத்தை ஒருமுறை சொன்னதும் கேட்கும் பிள்ளைபோல, அதே திருத்தம் வேறு வாயிலிருந்து வேறு சொல்லில் வந்தாலே உடம்புக்குப் புரிந்துவிடும்.

முகாமின் மயக்கம் ஒன்றையும் சொல்ல வேண்டும். டம்பிள் ட்ராக் என்னும் நீண்ட டிராம்போலின் மேல், பக்கத்தில் ஒருவர் கைகொடுக்க, பிள்ளை புதிதாக ஒரு சுழல் போட்டுவிடுவாள். அம்மா கைப்பேசியில் அது பதிவாகும், வீட்டில் எல்லோரும் பார்ப்பார்கள். திங்கட்கிழமை, “அதைத் தரையில் போடு” என்றால் போட முடியாது, போடவும் கூடாது. ஆல்-ஸ்டார் விதிகள் படிப்படியாக ஏறுபவை: முதல் நிலையில் கரணமும் ரவுண்ட்-ஆஃபும் மட்டும், இரண்டில் பேக் ஹேண்ட்ஸ்ப்ரிங், மூன்றில் ஓடிவந்து போடும் டக், நான்கில் நின்ற இடத்து டக்கும் உடம்பை நீட்டியே சுழலும் லேஅவுட்டும், ஐந்தில் ஒரு முழுத் திருகு, ஆறில் இரண்டு. குழுவில் எத்தனை பேர் ஒரு வித்தையைச் சுத்தமாகச் செய்கிறார்கள் என்பதற்கும் மதிப்பெண் உண்டு. ஆகவே ஒருத்தி அரைகுறையாக மேலே தாவுவதைவிட, தன் நிலையில் இருப்பதை நேர்த்தியாக்கிக்கொண்டு திரும்புவதே அவளுக்கும் குழுவுக்கும் லாபம். முகாமுக்குப் போகும் பிள்ளையிடம் புது வித்தை கேட்காதீர்கள், பழைய வித்தையைத் திருத்திக்கொண்டு வரச் சொல்லுங்கள்.

இனி என்னை மிகவும் வருத்தும் பகுதிக்கு வருகிறேன். சியர் ஜிம்களில் ‘பிளாக்’ என்பார்கள். மூன்றாண்டாகப் பேக் ஹேண்ட்ஸ்ப்ரிங் போட்ட பிள்ளை ஒருநாள் கையைத் தூக்கி நிற்பாள். பின்னால் போக முடியாது. அடிபட்டிருக்க மாட்டாள். கால் எழும்பாது, அவ்வளவுதான். மனமும் உடம்பும் பேச்சுவார்த்தையை நிறுத்திக்கொண்ட நிலை. ஜிம்னாஸ்டிக்ஸில் இதன் நெருங்கிய உறவை 2021இல் டோக்கியோவில் உலகமே பார்த்தது: வால்ட்டில் இரண்டரைத் திருகு போட எழும்பிய சிமோன் பைல்ஸ், ஒன்றரையோடு வழி தெரியாமல் இறங்கினார். அதன்பின் அவர் செய்த காரியம் நம் கேள்விக்கு நேரே பொருந்துகிறது. டோக்கியோவுக்கு வெளியே ஜுன்டென்டோ பல்கலைக்கழக ஜிம்மில், மெத்தென்ற தளத்தில், கூட்டத்தின் கண் படாமல் பயிற்சி செய்தார். திருகு திரும்பி வரவில்லை. திருகு இல்லாத இறக்கத்தை வைத்துக்கொண்டு பீமில் ஏறி வெண்கலம் வாங்கினார்.

பிளாக் வந்த பிள்ளைக்குச் சொந்த ஜிம் பெரும் பாரம். அவள் போடுவாளா மாட்டாளா என்று இருபது தோழிகள் பார்த்து நிற்கிறார்கள். அவள் போடாவிட்டால் வரிசையில் ஓர் இடம் காலியாகும் என்று அவளுக்கே தெரியும். நேற்று வரை போட்டாளே என்ற நினைவு அந்தத் தளத்திலேயே ஒட்டியிருக்கிறது. வெளியிடத்தில் அவள் முன்பு என்னவெல்லாம் போட்டாள் என்று யாருக்கும் தெரியாது. அங்கே கைகளில் நிற்பதிலிருந்தும் சாய்தளத்தில் பின்னால் உருள்வதிலிருந்தும் மறுபடி தொடங்க வெட்கமில்லை. ஆனால் அதற்கு ஒரே ஆள், அமைதியான நேரம், பல வாரம் வேண்டும். நாற்பது பிள்ளைகள் வரிசையில் நிற்கும் முகாமில், மூன்று மணி நேரத்துக்குள் விளைவு காட்டத் துடிக்கும் ஒருவர், “மூன்று எண்ணுவேன், போ” என்று தள்ளினால் மூடிய கதவுக்கு இன்னொரு பூட்டு விழும். பிளாக் வந்த பிள்ளையை அப்படிப்பட்ட இடத்துக்கு அனுப்ப வேண்டாம் என்று கெஞ்சியே கேட்பேன்.

ஜிம் உரிமையாளரின் அச்சம் எனக்குப் புரியாமல் இல்லை. முகாமுக்குப் போன பிள்ளை அங்கேயே தங்கிவிட்டால் ஆண்டுக்குப் பல ஆயிரம் டாலர் போகும், பாதி சீசனில் ஒரு பேஸ் போனால் கோபுரமே மாறும். உண்மையான கஷ்டம்தான், ஆனாலும் அது கடைக்காரரின் கஷ்டம். பிள்ளையின் நன்மை என்ற பெயரில் அதைச் சொல்லக் கூடாது.

மூடிய ஜிம்மைப் பற்றி இன்னொன்று. 2022 முதல், தென் கரோலினாவில் தொடங்கிப் பல மாநிலங்களில், பயிற்சியாளர்கள் பிள்ளைகளிடம் பாலியல் வன்கொடுமை செய்ததாக வழக்குகள் வந்தன. ஒரே இடத்தையும் ஒரே குரலையும் மட்டுமே அறிந்த பிள்ளைக்கு, அங்கே நடப்பது தப்பு என்று அளந்து பார்க்க வேறு அளவுகோல் கிடையாது. திட்டாமலும் தொடக்கூடாத இடத்தைத் தொடாமலும் ஒருவர் பல்டி கற்றுத் தர முடியும் என்பதை இன்னொரு ஜிம்மில் கண்ணால் பார்ப்பதே அவளுக்குக் காப்பு. வெளியே போவதைத் தடுக்கும் விதி, எவ்வளவு நல்லெண்ணத்தில் எழுதப்பட்டிருந்தாலும், இந்தச் சன்னலையும் சேர்த்து அடைக்கிறது. முகாமும் ஆபத்தில்லாத இடமல்ல. சொல்லிக்கொடுப்போரின் பின்னணி சரிபார்க்கப்பட்டதா, பெற்றோர் உட்கார்ந்து பார்க்கலாமா என்று முதலில் கேளுங்கள். பார்க்கக் கூடாது என்றால் காரைத் திருப்புங்கள்.

நேரக் கணக்கும் உண்டு. வாரப் பயிற்சியின் மணிக்கணக்கு பிள்ளையின் வயதைத் தாண்ட வேண்டாம் என்பது விளையாட்டு மருத்துவர்கள் சொல்லும் எளிய அளவு. பத்து வயதுப் பிள்ளை ஜிம்மில் ஏற்கெனவே ஒன்பது மணி நேரம் உழைத்தால், மூன்று மணி நேர முகாம் அவள் மணிக்கட்டிலும் இடுப்பிலும்தான் வந்து உட்காரும். அந்த வாரம் ஜிம்மில் ஒரு வகுப்பை விடச் சொல்ல வேண்டும்.

காலமும் பார்க்க வேண்டும். மே மாதத்தில் புதுக் குழு அமைவதிலிருந்து ஆட்டத்தை வடிவமைக்கும் நாள் வரை வெளியே போக நல்ல நேரம். நவம்பரில் போட்டிகள் தொடங்கியபின், டம்ப்ளிங் திருத்தம் தவிர எதற்கும் வெளியே போக வேண்டாம். போகும்போது சொந்தப் பயிற்சியாளரிடம் சொல்லிவிட்டுப் போகட்டும். என்ன திருத்தம் வேண்டும் என்று அவரே ஒரு வரி எழுதிக் கொடுத்தால் இன்னும் நல்லது. அங்கே கற்ற எதையாவது ஸ்டண்டில் செய்து பார்க்க ஃப்ளையருக்கு ஆசை வந்தால், ஏறும் முன் கீழே நிற்கும் மூவரிடமும் சொல்லட்டும். முழங்கால் எந்த எண்ணில் பூட்டப் போகிறது என்று அவர்கள் காதில் விழட்டும். தலைக்கு மேல் வேண்டாம்; இடுப்பு உயரத்தில், பக்கத்தில் இன்னொருவர் காவல் நிற்க, பத்து முறை.