ஆப்பிரிக்கா எவ்வளவு பெரிசு?

சித்தப்பா பையன் ஒருத்தன் நைஜீரியாவுல, லாகோஸ் நகரத்துல வேலை பாக்கறான். லீவு முடிஞ்சு கிளம்பும்போது அவன்கிட்ட ஒரு பார்சல் கொடுத்தேன். ஊறுகாய் ரெண்டு பாட்டில், பருப்புப்பொடி, கொஞ்சம் முறுக்கு. எல்லாம் கென்யாவுல, நைரோபியில இருக்கற என் நண்பனுக்கு. "ஒரு ஞாயித்துக்கிழமை போய்க் குடுத்துட்டு வந்துடுடா, பக்கந்தானே"ன்னேன். பய கொஞ்ச நேரம் என் மூஞ்சியையே பாத்தான். "அண்ணே, லாகோஸ்லேருந்து நைரோபி கிட்டத்தட்ட 3,800 கிலோமீட்டர். நேர்கோட்டுல சென்னையிலேருந்து டெல்லி போய்த் திரும்பினாக்கூட அவ்ளோ வராது"ன்னான். அசடு வழிஞ்சுக்கிட்டே பார்சலைத் திருப்பி வாங்கிக்கிட்டேன். (முறுக்கை மட்டும் அவன் குடுக்கல :-))

எனக்கு ஏன் அப்படித் தோணுச்சுன்னு யோசிச்சுப் பாத்தேன். குற்றவாளி, பள்ளிக்கூடச் சுவத்துல தொங்கின உலகப்படம். அதுல கிரீன்லாந்தும் ஆப்பிரிக்காவும் ஏறக்குறைய ஒரே அளவா இருக்கும். நிஜத்துல கிரீன்லாந்து சுமார் 21.7 லட்சம் சதுர கி.மீ. ஆப்பிரிக்கா 3 கோடி சதுர கி.மீ.க்கும் மேல. அதாவது 14 மடங்கு! அல்ஜீரியா, காங்கோ ஜனநாயகக் குடியரசு, இந்த ரெண்டு நாடும் தனித்தனியாவே கிரீன்லாந்தை விடப் பெரிசு. அமெரிக்கா, சீனா, இந்தியா மூணையும் ஆப்பிரிக்காவுக்குள்ள போட்டு அடைச்சாலும் இன்னும் 70 லட்சம் சதுர கி.மீ. இடம் மிச்சம் இருக்கும்.

சரி, படம் போட்டவர் ஏமாத்திட்டாரா? இல்லீங்க. அவர் பாவம், வேற வேலைக்காகப் போட்ட படம் அது.

கெரார்டஸ் மெர்கேட்டர், 1512-ல ஃபிளாண்டர்ஸ் பகுதியில பிறந்தவர். மத விரோதின்னு குற்றம் சாட்டி 1544-ல அவரைச் சில மாசம் ஜெயில்ல கூட வெச்சிருந்தாங்க. அப்புறம் ஜெர்மனியில டியூஸ்பர்க் நகரத்துக்குக் குடிபோய், 1569-ல அந்தப் புகழ்பெற்ற உலகப்படத்தை வெளியிட்டார். கடலோடிகளுக்கானதுன்னு படத்தோட தலைப்புலயே சொல்லிட்டார்.

அப்போ கப்பல்காரங்க பிரச்சினை என்னன்னா, திசைகாட்டியில ஒரே திசையைப் பிடிச்சுக்கிட்டுப் போற பாதை உருண்டை பூமியில வளைஞ்சு வளைஞ்சு போகும். அதைத் தட்டைப் படத்துல நேர்கோடா வரைய முடிஞ்சா, ஸ்கேல் வெச்சுக் கோடு இழுத்து, கோணத்தை அளந்து, கப்பலை ஓட்டிடலாம். மெர்கேட்டர் அதைத்தான் சாதிச்சார். துருவத்துல போய் ஒண்ணு சேர வேண்டிய தீர்க்கரேகைகளை இணைகோடுகளா நிறுத்தினார். அதனால வடக்கே போகப் போக எல்லாம் பக்கவாட்டுல அகலமாகும். திசை கெடாம இருக்கணும்னா, அதே அளவுக்கு மேல் கீழாவும் இழுக்கணும். இழுத்தார். (இதுக்கான கணக்கு அட்டவணைகளை 1599-ல வெளியிட்டவர் இங்கிலாந்துக்காரர் எட்வர்ட் ரைட்.)

இதுக்கு விலை என்ன தெரியுமா? 60 டிகிரி அட்சரேகையில நீளம் ரெண்டு மடங்கு, அகலம் ரெண்டு மடங்கு. பரப்பு நாலு மடங்கு! 80 டிகிரியில 33 மடங்கு! ஆப்பிரிக்கா நிலநடுக்கோட்டுக்கு ரெண்டு பக்கமும் உக்காந்திருக்கு, அதனால பெரும்பாலும் அதோட அளவுலயே நிக்குது. பக்கத்துல இருக்கறவங்க எல்லாரும் ஊதிப் பெருத்துட்டாங்க. பிரிட்டனும் மடகாஸ்கரும் இந்தப் படத்துல கிட்டத்தட்ட ஒண்ணு போலத் தெரியும். நிஜத்துல மடகாஸ்கர் ரெண்டு மடங்குக்கும் மேல பெரிசு.

கப்பல்ல இருந்த வரைக்கும் தப்பில்ல. அது வகுப்பறைச் சுவத்துக்கு வந்ததுதான் வினை. யார் வீடு பெரிசாத் தெரியுதோ அவங்களுக்கு அதைக் கழட்டணும்னு அவசரம் இருக்காது, இல்லியா?

எதிர்ப்பு வராம இல்ல. 1973-ல அர்னோ பீட்டர்ஸ்ங்கற ஜெர்மானியர் பரப்பளவு சரியா இருக்கற படம்னு ஒண்ணைக் கொண்டு வந்தார். அதே முறையை ஜேம்ஸ் கால்ங்கற ஸ்காட்லாந்து பாதிரியார் 1855-லயே சொல்லிட்டாருங்கறது தனிக்கதை. அதுல பரப்பு சரி, உருவம்தான் சரியில்ல. ஆப்பிரிக்கா மேல கீழ இழுத்து விட்ட மாதிரி இருக்கும். 2018-ல வந்த 'ஈக்வல் எர்த்' படத்துல பரப்பும் சரி, பார்க்கவும் லட்சணம். பள்ளிகளும் அமைப்புகளும் மெர்கேட்டரை விட்டுட்டு இது மாதிரிப் படத்துக்கு மாறணும்ங்கற இயக்கத்துக்கு 2025 ஆகஸ்ட்ல ஆப்பிரிக்க ஒன்றியம் ஆதரவு தெரிவிச்சுது.

"படம் பெரிசா இருந்தா என்ன, சின்னதா இருந்தா என்ன, சோறு கிடைக்குமா?"ன்னு நீங்க கேக்கலாம். 2014-ல லைபீரியா, கினி, சியரா லியோன் மூணு நாட்டுலயும் எபோலா பரவுச்சு. வெளிநாட்டுக்காரங்க பயந்து போய் எந்தப் பயணத்தை எல்லாம் ரத்து பண்ணினாங்க தெரியுமா? கென்யா, தான்சானியா சஃபாரிகளை! லைபீரியாவோட தலைநகர் மன்ரோவியாவுலேருந்து நைரோபி 5,000 கி.மீ.க்கு மேல. ஆனா ஸ்பெயின் தலைநகர் மாட்ரிட் 4,000 கி.மீ.க்குள்ள. மாட்ரிட் போறதுக்கு யாரும் பயப்படல. சிங்கத்தைக் காட்டிப் பொழைக்கற டிரைவரும், சமையல்காரரும், லாட்ஜ் வேலையாளும்தான் சம்பளம் இல்லாம நின்னாங்க. 54 நாடுங்கள்ல எங்க என்ன நடந்தாலும் "ஆப்பிரிக்காவுல"ன்னு ஒரே வார்த்தையில சொல்லி முடிச்சுடறோம். மனசுல அது ஒரு ஊர் அளவுக்குத்தானே இருக்கு? ஊறுகாய் பாட்டிலோட நின்ன நானும் அதே கேஸ்தான்.

இப்ப வீட்டுக்கு ஒரு குளோப் வாங்கி வெச்சிருக்கேன். உங்க வீட்டுல இருந்தா, ஒரு நூலை எடுத்து லாகோஸ்ல ஒரு முனை, நைரோபியில ஒரு முனை வெச்சுப் பிடிங்க. அதே நூலோட ஒரு முனையைச் சென்னையில வெச்சு டெல்லி பக்கம் இழுங்க. டெல்லியைத் தாண்டி எங்கேயோ போய் நிக்கும்.

பார்சலா? கூரியர்ல அனுப்பிட்டேன். செலவு, ஊறுகாய் விலையை விட ஜாஸ்தி. தூரம் அப்படி!