விலை பேசும் உரிமை



முசரவாக்கம் உள்ளிட்ட காஞ்சிபுரம் வட்டாரத்தில் கூத்துக்கு வெற்றிலை பாக்கோடு முன்பணம் கொடுத்துத் தேதி குறிப்பது வழக்கம். விலை பேசக் கூத்து வாத்தியார் இருந்தார். சாவுக்குப் பறையடித்தவருக்குப் பேச ஆளில்லை. அது ஊழியம், கூலி கேட்கவும் முடியாது, மாட்டேன் என்று சொல்லவும் முடியாது. பல ஊர்களில் நம்மவர்கள் அடிக்க மறுத்தார்கள். அந்த மறுப்புக்குப் பிறகே பறை விடுதலையின் இசையாக மேடையேறியது.

மேடை மட்டும் போதவில்லை. 2021இல் 'என்ஜாய் எஞ்சாமி'யை எழுதி, தீயுடன் பாடிய அரக்கோணத்து அறிவு, ரோலிங் ஸ்டோன் இந்தியா அட்டையில் இல்லை. பா. இரஞ்சித் முதலானோர் கேள்வி எழுப்பிய பிறகே அவருக்குத் தனி அட்டை வந்தது.

மேலாளரைத் தேடும் இளங்கலைஞர்களே, கையெழுத்துக்கு முன் கேளுங்கள்: என் பெயர் எங்கே? கணக்கு யார் கையில்? மறுக்கும் உரிமை எனக்கு உண்டா?