63.5 வாட்டிலிருந்து 450 வாட் வரை

1981இல் வந்த ஐபிஎம் பிசியின் பவர் சப்ளை 63.5 வாட். முழுக் கணினிக்கும் அது போதுமாக இருந்தது. 2000இல் வந்த வூடூ 5 5500 கிராபிக்ஸ் கார்டுக்கு ஸ்லொட் தரும் மின்சாரம் காணாது. ஹார்ட் டிஸ்க்குக்குப் போற வயரை அதிலயும் சொருக வேண்டி வந்தது. பிறகு வந்த பிசிஐ எக்ஸ்பிரஸ் கணக்கொன்றை வகுத்தது: ஸ்லொட் 75, ஆறு பின் வயர் 75, எட்டு பின் வயர் 150 வாட். 2022இன் ஆர்டிஎக்ஸ் 4090 தனியவே 450 வாட் கேட்கிறது.

வாட் மட்டும் கூடவில்லை, வோல்ட்டும் மாறியது. பழைய கணினிகள் கூடுதலாக 5 வோல்ட்டில் ஓடின. இன்றைய கார்டுகளுக்கு 12 வோல்ட்தான் சாப்பாடு.

இது தெரியாமல் நாங்கள் காசு சேர்த்து ஒரு கார்ட் வாங்கினோம். பழைய பவர் சப்ளையில 500 வாட் எண்டு போட்டிருந்ததை நம்பினோம். கேம் தொடங்கினதும் கணினி நின்றுபோனது. லேபிளைப் பார்த்தால், 12 வோல்ட்டில் 18 அம்பியர்தான். பெருக்கினால் 216 வாட். அதிலயும் ப்ரோசசருக்குப் பங்கு இருக்கு.

கார்ட் வாங்க முதல் பெரிய எழுத்தை விட்டுட்டு, அந்தச் சின்ன வரியைப் பாருங்கோ.