புறப்படுமுன் ஒரு களஆய்வு: றொசல்லவிலிருந்து பல்கலைக்கழக மொழிக்கல்வியை நோக்கல்

ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களில் நவீன மொழி பயில்வோர், அம்மொழி வழங்கும் நாட்டில் ஓராண்டு வாழ்ந்து திரும்புவது நெடுநாளைய வழக்கம். 1987இல் தொடங்கிய எராஸ்மஸ் மாணவர் பரிமாற்றத் திட்டம் அதை மேலும் பரவலாக்கியது. ஆயினும் சென்றவர்களுட் பலர் தம் நாட்டவரோடே கூடியிருந்துவிட்டு, அந்த ஊரின் வாழ்வைத் தொடாமலே திரும்பினர். இதற்கு ஒரு வழியை 1990களில் லண்டன் ஈலிங்கில் இருந்த தேம்ஸ் வலிப் பல்கலைக்கழக ஆசிரியர்கள் கண்டனர். புறப்படுவதற்கு முந்திய ஆண்டிலேயே மாணவர்களுக்கு இனவரைவியலை, அதாவது மக்களோடு இருந்து அவர்களின் அன்றாட வாழ்வைக் கவனித்து எழுதும் முறையை, கற்பித்தனர். மாணவர் முதலில் தமக்குப் பழகிய சூழலிலேயே ஒரு சிறு களஆய்வு செய்யவேண்டும். பிறகு வெளிநாட்டில் இன்னொன்றைச் செய்து, அந்நாட்டு மொழியிலேயே எழுதவேண்டும். சீலியா றொபர்ட்ஸ், மைக்கல் பைரம் முதலியோர் இவ்வனுபவத்தை 2001இல் நூலாக்கினர்.

மலையக மாணவருக்கு இம்முறை ஐரோப்பியருக்கு உதவியதைவிடக் கூடுதலாக உதவும் என்பதே என் வாதம். ஆனால் அதை அப்படியே எடுத்தாள முடியாது.

வட்டவளைக்கும் ஹட்டனுக்கும் இடையிலுள்ள றொசல்லவை எடுத்துக்கொள்வோம். லயத்தில் பேசுவது தமிழ். தோட்டக் கந்தோரின் பதிவேடுகளில் ஆங்கிலம். பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடு பெரும்பாலும் சிங்களத்தில் எழுதப்படுகிறது. கொடுத்தவர் தமக்கு விளங்காத வரிகளின் கீழ் ஒப்பமிடுகிறார். அரசியலமைப்பின் 1987ஆம் ஆண்டு 13ஆம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியதை இங்கே நினைக்காதிருக்க முடியவில்லை. இத்தகைய இடத்தில் வளரும் பிள்ளை, எந்த மொழியை யாரிடம் எப்போது பேசுவது என்பதைச் சிறுவயதிலேயே கணிக்கக் கற்றுவிடுகிறது. மொழியியலாளர் பெரிதும் மதிக்கும் அறிவு இது. அதே பிள்ளை பேராதனைக்கோ களனிக்கோ போனதும், ‘மொழிக் குறைபாடுள்ள மாணவர்’ என்ற பட்டியலில் சேர்க்கப்படுகிறது.

குறைபாடு சிங்களம் கற்பிக்கும் பாடத்திட்டத்தில்தான் இருக்கிறது. சிங்களமும் தமிழைப் போல இரட்டை வழக்குடைய மொழி. எழுத்துச் சிங்களத்தில் வினைமுற்று எழுவாய்க்கேற்ப மாறும். பேச்சில் அம்மாற்றம் இல்லை. எழுத்து இலக்கணத்தை மனனம் செய்து சித்தியடைந்தவர், பஸ் நடத்துநர் கேட்பதை விளங்கிக்கொள்ளத் தடுமாறுகிறார். களனிப் பல்கலைக்கழகத்தில் பிரெஞ்சு, ஜேர்மன், சீனம், யப்பானியம் முதலியவற்றைக் கற்பிக்க நவீன மொழிகளுக்கெனத் தனித்துறையே உண்டு. அண்டை வீட்டாரின் மொழிக்கும் அதே கற்பித்தல் உழைப்பு வேண்டாமா?

ஈலிங் முறையை அப்படியே கொண்டுவர முடியாது என்றதற்குக் காரணம் ஆய்வின் வரலாறு. தோட்டத் தொழிலாளர் ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேலாகப் பிறரால் எண்ணப்பட்டும் அளக்கப்பட்டும் வந்தவர்கள். 1948இன் பிரஜாவுரிமைச் சட்டத்துக்குப் பின் ஆவணங்களே அவர்களை நாடற்றவராக்கின. அவர்களுடைய பிள்ளையிடம் ‘உன் லயத்தை ஆராய்ந்து வா’ என்று சொல்வது, அந்தப் பார்வையை அவர் கையாலேயே நீடிக்கச் செய்வதாகிவிடும். ஆகவே ஆய்வுப்பொருளை மாற்றவேண்டும். மாணவர் கவனிக்கவேண்டியது தம் பெற்றோரை அல்ல, அவர்கள் முன் நிற்கும் கருமபீடத்தை: வங்கியில், வைத்தியசாலையில், பிரதேச செயலகத்தில் எந்த மொழி எவரைக் காக்கவைக்கிறது? கொழுந்து நிறுக்கும் இடத்தில் நடக்கும் வாக்குவாதம் எந்த மொழியில் தொடங்கி எந்த மொழியில் முடிகிறது? இக்குறிப்புகளை மாணவர் தமிழில் எடுத்து, பேச்சுச் சிங்களத்தில் வகுப்பில் விளக்கலாம். அவற்றை மதிப்பிட இருமொழியும் அறிந்த விரிவுரையாளர் வேண்டும். பணத்தைவிடக் கடினமான தேவை அதுதான்.

இரண்டாம் கட்டம் பரிமாற்றம். றொசல்லவிலிருந்து வந்த மாணவர் ஒரு சிங்களக் கிராமத்தில் ஒரு தவணை தங்கவேண்டும்; தமிழ் பயிலும் சிங்கள மாணவர் ஹட்டன் பகுதியில் தங்கவேண்டும். வாரந்தோறும் இருவரும் ஒருவர் குறிப்பை மற்றவர் திருத்தவேண்டும். ‘வெளிநாட்டு ஆண்டு’ செய்யவேண்டிய வேலையைக் கடவுச்சீட்டு இல்லாமலே செய்யலாம்.

உண்மையாகவே கடல் கடப்போருக்கும் இது பயன்படும். இலங்கைத் தோட்டத் தொழிலாளர் கல்வி நம்பிக்கை நிதியம் போன்றவை மலையகப் பிள்ளைகளின் படிப்புக்குப் பொருளுதவி செய்துள்ளன. இந்திய அரசின் புலமைப்பரிசில் பெற்றுச் செல்வோரும் உண்டு. கட்டணமும் பயணச்சீட்டும் கிடைத்துவிட்டால் உதவி முடிந்ததாகக் கருதுகிறோம். விடுதியில் தனித்துப்போனவர், விரிவுரை விளங்காமலே தலையசைப்பவர், ஊருக்குத் தொலைபேசியில் ‘நல்லா இருக்கேன்’ என்று மட்டும் சொல்பவர் ஆகியோருக்கான உதவி புறப்படுமுன்னே தொடங்கவேண்டும். ஹட்டன் கருமபீடமொன்றில் நின்று தனக்கு விளங்காததை எழுதிவைத்துக் கேட்கப் பழகிய மாணவர், டில்லியிலும் அதையே செய்வார்.