எஃகும் முத்திரையும்

கத்தி வாங்குவது சிறு செயல். ஆயினும் அச்சிறு செயலுக்குள் ஒரு நீண்ட வரலாறு அடங்கியிருக்கிறது. பிரிக்பீல்ட்ஸ் கடைத்தெருவிலோ கிள்ளான் பட்டணத்துப் பாத்திரக் கடையிலோ கத்தி வாங்க வருவோரைக் கவனித்துப் பாருங்கள். அலகைத் தொட்டுப் பார்க்கும் முன்பே அதில் பொறித்திருக்கும் ஊரின் பெயரைத் தேடுவார்கள். ஷெபீல்டு என்றோ சோலிங்கன் என்றோ இருந்துவிட்டால் கேட்ட விலையைக் கொடுப்பார்கள். அப்பெயர்களுக்கு இத்துணை மதிப்பு எவ்வாறு வந்தது? அதனை எவ்வளவு தூரம் நம்பலாம்? இவ்விரண்டையும் ஈண்டு ஆராய்வோம்.

இங்கிலாந்து நாட்டின் ஷெபீல்டு வட்டாரத்தில் கத்தி செய்வோர் சங்கம் 1624-ஆம் ஆண்டில் சட்டத்தால் நிறுவப்பெற்றது. தொழிலாளி ஒவ்வொருவனும் தனக்கென ஒரு முத்திரையைப் பதிந்து கொண்டான். ஜெர்மனியின் சோலிங்கனிலும் இவ்வழக்கம் இருந்தது. பீட்டர் ஹெங்கல்ஸ் என்பவர் இன்றும் வழங்கும் இரட்டையர் சின்னத்தை 1731-இல் அங்கே பதிவு செய்தார். முத்திரை என்பது தொடக்கத்தில் விளம்பரம் அன்று. ‘குறை கண்டால் என்னைக் கேள்’ என்னும் உறுதிமொழி. ஆனால் பெயர் பெரிதானதும் போலியும் பிறந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மலிவான ஜெர்மானியக் கத்திகள் ஷெபீல்டின் பெயரைத் தாங்கிச் சந்தைக்கு வந்தன. அதனைத் தடுக்கவே, பொருள் செய்த நாட்டைக் குறிக்க வேண்டும் என்று பிரிட்டனில் 1887-இல் சட்டம் வந்தது. இழிவு காட்டுவதற்காகக் கேட்ட ‘ஜெர்மனியில் செய்தது’ என்ற சொற்களையே ஜெர்மானியர் தம் உழைப்பால் பெருமைக்குரிய சொற்களாக்கினர். பின்னர்ச் சோலிங்கன் என்ற பெயரைக் காக்க 1938-இல் ஜெர்மனியிலும் ஒரு சட்டம் செய்ய நேர்ந்தது.

முத்திரைக்கு உயிர் கொடுப்பது எஃகே. 1740-ஆம் ஆண்டுகளில் பெஞ்சமின் ஹன்ட்ஸ்மன் என்னும் கடிகாரத் தொழிலாளி, சுருள்வில்லுக்கு நல்ல எஃகு தேடி, மூடிய மண்மூசையில் அதனை உருக்கி வார்த்தார். ஷெபீல்டின் புகழ் அதனால் ஓங்கியது. ஆனால் மூசையில் எஃகு ஆக்கும் கலை தமிழருக்குப் புதிதன்று. நொய்யலாற்றங்கரைக் கொடுமணலில் நடந்த அகழாய்வு அதற்குச் சான்று தருகிறது. தென்னாட்டு எஃகை ஐரோப்பியர் ‘ஊட்ஸ்’ என்றனர். பம்பாயிலிருந்து வந்த அவ்வெஃகை ஜார்ஜ் பியர்சன் ஆராய்ந்து, 1795-இல் இலண்டன் அரசக் கழகத்தில் கட்டுரை வழங்கினார். கத்தி செய்வதில் வல்லவரான ஜேம்ஸ் ஸ்டோடர்ட்டும், கொல்லர் மகனான மைக்கேல் பாரடேயும் அதன் இயல்பை அறிய முயன்று 1820-இலும் 1822-இலும் கட்டுரைகள் வெளியிட்டனர்.

ஹன்ட்ஸ்மன் நம்மவரிடம் கற்றார் என்று மேடையில் முழங்குவோர் உளர். அதற்குச் சான்றில்லை. சான்றில்லாததை ஆசிரியராகிய நாம் பிள்ளைகளுக்குச் சொல்லலாகாது. சான்றுள்ள தொடர்பு வேறொன்று உண்டு. ஜோசையா மார்ஷல் ஹீத் என்னும் ஆங்கிலேயர் 1830-ஐ ஒட்டிப் பரங்கிப்பேட்டையில் ஆலை அமைத்துச் சேலத்து இரும்புத்தாதை உருக்கினார். ஆலை நிலைக்கவில்லை. அவர் இங்கிலாந்துக்குத் திரும்பி, மூசை எஃகில் மாங்கனீசு சேர்க்கும் முறைக்கு 1839-இல் காப்புரிமை பெற்றார். ஷெபீல்டு எஃகு அதனால் சிறந்தது, செலவும் குறைந்தது. உரிமைப் பணம் கொடுக்கவோ பலர் மறுத்தனர். ஹீத்தின் பிற்காலம் வழக்குகளில் கழிந்தது. கண்டுபிடித்தவருக்கே அந்நிலை என்றால், பெயர் தெரியாத நம் கொல்லர்களைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமோ?

இனி இந்நாட்டிற்கு வருவோம். இன்று கிள்ளான் துறைமுகம் எனப்படும் போர்ட் சுவெட்டன்ஹாம் 1901-இல் திறக்கப்பட்டது. ரப்பர் அவ்வழியே கடல் கடந்து சென்றது. இரும்புப் பொருள்கள் கடல் கடந்து வந்தன. ஆனால் கருவியின் தரத்தை நாள்தோறும் சோதித்தவர்கள் தோட்டத் தொழிலாளர்களே. என் தாயார் பால்மரம் வெட்டியவர். விடியுமுன் எழுந்து தீட்டுக்கல்லில் உளியைத் தீட்டுவார். பட்டையை மெல்லிய சீவலாக எடுக்க வேண்டும். உளி ஆழ இறங்கினால் மரம் காயப்படும். புதுப்பட்டை கரடுமுரடாக வளரும். அங்கே மறுபடி வெட்டுவது கடினம். மழுங்கிய உளி கையையும் வருத்தும், மரத்தையும் கெடுக்கும். அவர் எந்த முத்திரையையும் படித்தவர் அல்லர். சீவல் விழும் அழகைக் கண்டே இரும்பு நல்லதா என்று சொல்லிவிடுவார்.

அந்தச் சோதனையே நமக்கும் வழிகாட்டி. ஷெபீல்டின் ஹாரி பிரியர்லி 1913-இல் குரோமியம் கலந்த துருப்பிடியா எஃகை வார்த்தார். புளியும் எலுமிச்சையும் படுகின்ற சமையலறைக்கு, நம் ஈரக்காற்றில், அதுவே ஏற்றது. தோட்ட வேலைக்கும் காட்டுக்கும் குரோமியம் சேராத சாதாரண எஃகு கத்தி நன்று. அது எளிதில் கூர் ஏறும். ஆனால் துடைத்து எண்ணெய் பூசாவிட்டால் துருவேறும். மிகக் கடினமான மெல்லிய அலகு காய்கறிக்குச் சிறந்தது. அதனால் தேங்காயை வெட்டினால் வாய் சிதறும். பாராங் கத்திக்குக் கடினத்தைவிட உறுதியே முதன்மை. அலகு நேராக இருக்கிறதா, அதன் அடிப்பகுதி பிடிக்குள் நெடுக ஓடுகிறதா, பிடியில் இடைவெளி உண்டா என்று பாருங்கள். ஐந்நூறு வெள்ளிக் கத்தியும் தீட்டாதவன் கையில் வெறுந்தகடே.

அயலார் முத்திரை என்று மயங்கவும் வேண்டா. எல்லாம் நம்முடையதே என்று மார்தட்டவும் வேண்டா. முத்திரையைக் காத்த அவர்தம் ஒழுங்கு நாம் கற்கத்தக்கது. எஃகு ஆக்கிய நம் முன்னோரின் அறிவு நாம் மறக்கத்தகாதது. வகுப்பில் இரும்பைப் பற்றிப் பாடம் வரும்போது, ஷெபீல்டோடு கொடுமணலையும் பரங்கிப்பேட்டையையும் சேர்த்துச் சொல்வோம். பால்மரத்து உளியையும் ஒரு நாள் மேசைமேல் வைத்துக் காட்டுவோம். தம் பாட்டி அதைப் பிடித்த கதையைச் சொல்லப் பிள்ளைகளில் சிலரேனும் எழுந்து நிற்பர்.