விரிப்பும் துப்புரவும்: ஒரு வரலாற்றுப் பார்வை

சென்னையிலிருந்து தெற்கு நோக்கிச் செல்லும் ஜி.எஸ்.டி. சாலையில், மறைமலை நகருக்கும் செங்கல்பட்டுக்கும் இடையே அமைந்த ஊர் சிங்கப்பெருமாள் கோவில். குன்றைக் குடைந்து அமைத்த நரசிம்மர் ஆலயமே ஊருக்கு இப்பெயரைத் தந்தது. இவ்வூரிலிருந்து ஒரகடம் வழியாகத் திருப்பெரும்புதூருக்கு ஒரு சாலை பிரிகின்றது. தொழிற்சாலைகளுக்குப் பொருள் ஏற்றிச் செல்லும் லாரிகள் இரவும் பகலும் இவ்விரு சாலைகளிலும் ஓடுகின்றன. அவை எழுப்பும் புழுதி சாலையோரத்து இல்லங்களையும் கடைகளையும் வழிபாட்டுத் தலங்களையும் ஒன்றுபோலவே வந்தடைகின்றது.

தாம்பரம் தொடங்கிச் செங்கல்பட்டு வரையுள்ள இப்பகுதியில் கோரைப்பாய் விரித்து அமர்ந்த குடும்பங்கள் பல இன்று சோபாவில் அமர்கின்றன. பாய் விரித்துத் தொழுத பள்ளிவாசல்கள் பலவற்றில் சுவருக்குச் சுவர் கம்பளம் பதிக்கப்பட்டுள்ளது. இவற்றைத் துப்புரவு செய்து கொடுப்பது தனித் தொழிலாகவே வளர்ந்துவிட்டது. உறிஞ்சும் இயந்திரத்தையும் தூரிகை இயந்திரத்தையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு வீடு வீடாகச் செல்லும் தொழிலாளரை நாம் காண்கின்றோம். இத்தொழில் எவ்வாறு தோன்றியது, அதன் முறைகள் எவற்றின்மீது நிற்கின்றன என்பதை ஆராய்ந்தால் ஓர் உண்மை புலப்படும். அழுக்கை இடம் மாற்றுவது வேறு, அகற்றுவது வேறு. இவ்வேறுபாட்டை மனிதன் படிப்படியாக உணர்ந்த கதையே துப்புரவின் வரலாறு ஆகும்.

சொல்லும் பொருளும்

அரபு மொழியில் ‘ஃபர்ஷ்’ என்றால் விரிப்பு. ‘ஃபிராஷ்’ என்றால் படுக்கை. விரிப்பவர் ‘ஃபர்ராஷ்’ எனப்பட்டார். இச்சொல் பாரசீகம் சென்று, முகலாயர் அரண்மனைக்கும் வந்து சேர்ந்தது. கூடாரங்களையும் கம்பளங்களையும் பேணிக் காத்த துறைக்கு அங்கே ‘ஃபர்ராஷ் கானா’ என்று பெயர். விரித்தல், உதறுதல், சுருட்டுதல், காத்தல் ஆகிய யாவும் ஃபர்ராஷின் பணிகளே. உருது மொழியிலோ ‘ஃபர்ஷ்’ என்னும் சொல் தரையையே குறிக்கலாயிற்று. விரிப்பு தரையாகவே மாறிவிட்ட இன்றைய நிலைக்கு அச்சொல் பொருத்தமாகவே அமைந்துள்ளது.

அண்ணல் நபி (ஸல்) அவர்கள் காலத்து மதீனாப் பள்ளியில் கம்பளம் கிடையாது. பேரீச்ச மரத்தண்டுகளைத் தூணாக நிறுத்தி, அதன் ஓலையால் வேய்ந்த கூரையின் கீழ் வெறும் மண் தரையே இருந்தது. மழை பெய்த ஓர் இரவில் அவர்கள் ஈரச் சேற்றிலேயே ஸஜ்தா செய்ததையும், நெற்றியில் அதன் அடையாளம் தெரிந்ததையும் ஹதீஸ் நூல்கள் கூறுகின்றன. அனஸ் (ரலி) அவர்களின் இல்லத்தில் விருந்துண்டபின் தொழுவதற்கு நின்றபோது, நெடுநாள் புழக்கத்தால் கறுத்துப்போன ஒரு பாயே அங்கிருந்தது. அனஸ் (ரலி) அதன்மீது நீர் தெளித்து விரித்தார்கள். பாய் விரிக்கும் நம் குடும்பங்களுக்கு இது நெருக்கமான காட்சியன்றோ?

பாயும் ஜமுக்காளமும்

தமிழகத்து விரிப்புகளுள் முதலிடம் கோரைப்பாய்க்கே உரியது. நெல்லைச் சீமையின் பத்தமடையில் லெப்பைக் குடும்பங்கள், பெரும்பாலும் பெண்கள், கோரையைத் தாமிரபரணி நீரில் ஊறவைத்து, நுண்ணிய இழைகளாக வகிர்ந்து, பட்டுப்போல் மடியும் பாயாக நெய்து புகழ்பெற்றனர். பவானி ஜமுக்காளமோ பருத்தி நூலால் நெய்யப்படுவது. அது 2005-ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்றது.

இவ்விரண்டையும் தூய்மை செய்யத் தனிக் கருவி தேவைப்படவில்லை. பாயை எடுத்து உதறலாம். வெயிலில் காய வைக்கலாம். ஈரத் துணியால் துடைக்கலாம். ஜமுக்காளத்தை ஊறவைத்துக் கல்லில் அடித்துத் துவைக்கலாம். உவர்மண்ணும் பூவந்திக் கொட்டையும் போதுமானவையாக இருந்தன. பூவந்திக் கொட்டையின் நுரை மென்மையானது. சவுக்காரத்தைப் போல் காரம் மிக்கதன்று. ஆகவே பட்டும் கம்பளியும் அதனால் கெடுவதில்லை. தூக்கி எடுக்கக்கூடிய விரிப்பாக இருந்தமையால் பாதி வேலையைக் கதிரவனே செய்து முடித்தான் எனலாம்.

பாரசீகம் காட்டிய வழி

முடிச்சுப் போட்டு நெய்யும் கம்பளத்தின் நிலை வேறு. அதன் இழைகள் செங்குத்தாக நிற்பவை. மணலும் மயிரும் துகளும் இழைகளுக்கிடையே இறங்கி அடியில் தங்கிவிடும். மிதிக்க மிதிக்க மணலின் கூர்மை இழையை அடியிலேயே அறுக்கும். எனவே கம்பளத்துக்கு முதற்பகை கறையன்று, உலர்ந்த மணலே ஆகும்.

பாரசீகர் கம்பளத்தைக் கவிழ்த்துப் போட்டுத் தட்டி மணலை உதிர்த்தனர். பின்னர் ஓடும் நீரில் அலசினர். தெஹ்ரானுக்கு அருகிலுள்ள ரய் நகரின் ‘சஷ்மே அலீ’ என்னும் ஊற்றில் கம்பளங்களைக் கழுவிப் பாறைச் சரிவில் உலர்த்தும் வழக்கம் பெயர்பெற்றது. முதலில் தட்டுதல், அடுத்து நீர், பிறகு விரைவாக உலர்த்துதல் என்னும் இவ்வரிசையை இன்றைய இயந்திரங்களும் மாற்றவில்லை.

அக்காலத்துச் சாயங்கள் செடி, வேர், பூச்சி ஆகியவற்றிலிருந்து எடுக்கப்பட்டவை. 1856-இல் ஆங்கிலேய வேதியியலார் பெர்க்கின் செயற்கைச் சாயத்தைக் கண்டறிந்தபின், மலிவான அனிலின் சாயங்கள் பாரசீகத்துக்கும் வந்தன. அவற்றுள் பல நீர் பட்டதும் கசிந்தன. வெயில் பட்டதும் வெளுத்தன. கம்பளத்தின் நற்பெயர் கெடுவது கண்டு அந்நாட்டு அரசு 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அவற்றுக்குத் தடை விதித்தது. ஈரமான வெள்ளைத் துணியை ஒரு மூலையில் அழுத்திப் பார்த்து, சாயம் ஒட்டவில்லை என்று உறுதி செய்துகொண்ட பின்னரே நல்ல தொழிலாளர் இன்றும் வேலையைத் தொடங்குகின்றார்.

ஊதுவதா, உறிஞ்சுவதா?

தட்டும் முறையில் ஒரு குறை உண்டு. தூசி கம்பளத்தை விட்டு நீங்கினாலும், தட்டுபவரின் மூக்கிலும் நெஞ்சிலும் போய்ச் சேர்ந்துவிடுகின்றது. அமெரிக்காவில் பீங்கான் கடை நடத்திய மெல்வில் பிஸ்ஸல் என்பவர், பொருள்கள் உடையாமலிருக்க இட்டுவரும் மரத்தூள் கடைக் கம்பளத்தில் சிக்குவதைப் போக்க, உருளும் தூரிகை பொருத்திய பெட்டி ஒன்றை உருவாக்கி 1876-இல் உரிமம் பெற்றார். தூசியைத் திரட்டிப் பெட்டிக்குள் அடைத்தது இக்கருவி.

அடுத்த பெரும் படியை எடுத்தவர் லண்டன் பொறியாளர் ஹியூபர்ட் செசில் பூத். காற்றை ஊதித் தூசியை வெளியேற்றும் இயந்திரம் ஒன்றின் செயல்விளக்கத்தைக் கண்ட அவர், ஊதுவதால் தூசி எழும்பி வேறிடத்தில் படிகின்றதே, உறிஞ்சினால் என்ன என்று எண்ணினார். உணவகத்து மெத்தை நாற்காலியின்மீது கைக்குட்டையை விரித்து, வாயை வைத்து உறிஞ்சிப் பார்த்தார். கைக்குட்டையின் அடிப்புறத்தில் தூசி திரண்டிருந்தது. 1901-இல் அவர் அமைத்த இயந்திரம் குதிரை இழுக்கும் வண்டி அளவு பெரியது. அதைத் தெருவில் நிறுத்தி, நீண்ட குழாய்களைச் சன்னல் வழியே உள்ளே செலுத்துவர். 1902-இல் ஏழாம் எட்வர்டு மன்னரின் முடிசூட்டு விழாவுக்காக வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தின் கம்பளங்களை அவ்வியந்திரமே துப்புரவு செய்தது.

அதைக் கையடக்கமாக்கியவர் ஒரு துப்புரவுப் பணியாளர் என்பது நெஞ்சில் நிறுத்தத்தக்க செய்தியாகும். ஒஹையோ மாநிலத்தின் கான்டன் நகரில் ஒரு பெருங்கடையைப் பெருக்கி வந்த ஜேம்ஸ் மர்ரே ஸ்பேங்ளர் ஆஸ்துமா நோயாளி. பெருக்கும்போது எழும் தூசி அவரை வாட்டியது. மின்விசிறி மோட்டார், துடைப்பக் கம்பு, தலையணை உறை ஆகியவற்றைக் கொண்டு ஓர் உறிஞ்சு கருவியைத் தாமே அமைத்து, 1908-இல் உரிமம் பெற்றார். அவ்வுரிமத்தை விலைக்கு வாங்கிய ஹூவரின் பெயரே உலகெங்கும் பரவியது. அரபு மொழியினர் இக்கருவியை ‘மின்சாரத் துடைப்பம்’ என்னும் பொருளில் ‘மிக்னஸா கஹ்ரபாயிய்யா’ என்கின்றனர்.

நீரும் நியாயமும்

1970-களில் மேனாடுகளில் பரவிய முறை, சுடுநீரைப் பாய்ச்சி உடனே உறிஞ்சி எடுப்பது. நீராவித் துப்புரவு என்று மக்கள் அழைத்தாலும், இதில் வேலை செய்வது ஆவியன்று, சுடுநீரே. முதலில் உலர் தூசியை உறிஞ்ச வேண்டும். மணல் நீங்குமுன் நீர் விட்டால் அது சேறாகும். பின்னர்ச் சவுக்காரக் கரைசலைத் தெளித்துச் சிறிது நேரம் ஊறவிட்டு, தூரிகையால் கிளறி, சுடுநீரைப் பாய்ச்சி அழுக்கு நீரை இழுத்தெடுக்க வேண்டும். சவுக்காரம் மிஞ்சினால் அதன் பிசுக்கு புதுத் தூசியைப் பிடித்து வைக்கும். சோபாவின் நுரைப்பஞ்சோ நீரைக் குடித்து எளிதில் விடாது. அதற்குக் குறைந்த நீரே போதும். சில துணிகளுக்கு நீரே ஆகாது. முடிவாக, விசிறி வைத்து ஒரு நாளுக்குள் உலர்த்தாவிடில் பூஞ்சணமும் துர்நாற்றமும் தோன்றும். ஐப்பசி, கார்த்திகை மழை மாதங்கள் நம் பகுதியில் இதற்கு ஏற்றவை அல்ல.

ஃபிக்ஹு நூல்களைப் பயின்றவருக்கு இம்முறை புதிதாகத் தோன்றாது. அசுத்தத்தை ‘நீக்குதல்’ என்றே அவை தலைப்பிடுகின்றன. பிழிய இயலாத பொருளை மும்முறை கழுவி, ஒவ்வொரு முறையும் நீர் சொட்டி நிற்கும்வரை விடவேண்டும் என்பது ஹனஃபீ வழி. சிறிதளவு நீரினுள் பொருளை இடுவதை விட்டு, பொருளின்மீது நீரை ஊற்ற வேண்டும் என்பது ஷாஃபியீ வழி. இரண்டிலும் அழுக்கு நீர் பொருளை விட்டுப் பிரிவதே கருத்து. ஈரத் துணியால் கறையைத் தேய்த்துப் பரப்புவது இரண்டின்படியும் துப்புரவாகாது.

நெற்றி படும் இடம்

சோபாவில் முதுகு படுகின்றது. வீட்டுக் கம்பளத்தில் கால் படுகின்றது. பள்ளிவாசல் கம்பளத்திலோ நெற்றியும் மூக்கும் படுகின்றன. தொழுபவர் தம் மூச்சை அதன்மீதே விட்டு, அதிலிருந்தே இழுக்கின்றார். வீட்டுத் தூசியில் வாழும், கண்ணுக்குத் தெரியாத ஒருவகை நுண்ணுயிரே தூசி ஒவ்வாமைக்கு மூலம் என்று 1964-இல் ஹாலந்து நாட்டின் லைடன் நகர ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டினர். அது காற்றின் ஈரத்தை உறிஞ்சி வாழ்வது. கடற்காற்றின் ஈரம் நிறைந்த நம் பகுதி அதற்கு மிகவும் உகந்தது. 2020 ஜூன் மாதம், கொரோனாத் தொற்றுக் காலத்தில், வழிபாட்டுத் தலங்களில் பொது விரிப்பைத் தவிர்த்து அவரவர் விரிப்பைக் கொண்டுவருமாறு மத்திய சுகாதாரத் துறை அறிவுறுத்தியதும் நினைவிருக்கலாம்.

கம்பளமே வேண்டாம் என்று கூறுவது நம் நோக்கமன்று. முதியோரின் முழங்காலுக்கு அது இதமளிக்கின்றது. ஆயினும், தூக்கி உதற முடியாத விரிப்பைப் பதிக்கும்போது, கதிரவன் செய்துவந்த வேலையை ஒரு மனிதரின் தோளில் ஏற்றுகின்றோம் என்பதை நிர்வாகிகள் மறத்தலாகாது. கம்பளத்தின் விலையைக் கணக்கிடும்போதே, உறிஞ்சு கருவிக்கும், ஆண்டுதோறும் ரமளானுக்கு முன் நீர்த் துப்புரவுக்கும், அதைச் செய்பவரின் கூலிக்கும் சேர்த்தே கணக்கிட வேண்டும். பல ஊர்களில் இவ்வேலை அனைத்தும் ஒரு துடைப்பத்தோடு மோதினாரின் தலையில் விழுகின்றது. அவருடைய நெஞ்சில் சேரும் தூசியை எந்தக் கணக்கேட்டிலும் நாம் எழுதுவதில்லை.

மதீனாப் பள்ளியைப் பெருக்கி வந்த ஒரு பெண்மணி இறந்தபோது, இதைச் சிறு செய்தியென எண்ணிய தோழர்கள் அண்ணலாருக்குத் தெரிவிக்காமலே அடக்கம் செய்தனர். சில நாள் கழித்து அவரைக் காணாமல் விசாரித்த அண்ணலார், தமக்கு ஏன் அறிவிக்கவில்லை என்று கேட்டு, அடக்கத்தலம் எதுவென வினவி, அங்கே சென்று தொழுதார்கள். பெருக்கும் கையை நாயகம் எவ்வாறு மதித்தார்கள் என்பதற்கு இதனினும் பெரிய சான்று தேவையில்லை. ஓர் உறிஞ்சு கருவியும், மூக்கை மூடும் முகக்கவசமும், நியாயமான கூலியும் அம்மதிப்பை நம் காலத்தில் நாம் காட்டும் வழிகளாகும்.